வூட்டுக்காரரு தண்ணிய நிறுத்திட்டாரு

குழாய்க்குப் பூட்டுப் போட முடியும் என்பது அரீபாவுக்கு அன்று காலையில்தான் தெரிந்தது.

பித்தளைப் பூட்டு. குழாயின் திருகில் ஒரு சங்கிலியைச் சுற்றி, அதில் பூட்டைத் தொங்கவிட்டிருந்தார்கள். முகிலன் அதைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஆறு வயது.

"உள்ள தண்ணி இருக்கா?" என்று கேட்டாள் அரீபா.

"இருக்கு. ஆனா அரெஸ்ட் பண்ணிட்டாங்க," என்றான் முகிலன்.

தினமும் காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் அரீபா இந்த வீட்டுக்கு வருவாள். அவள் அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவள் அத்தா என்று அழைக்கும் அப்பா ஹிதாயத்துல்லா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அவருக்கு இரண்டு பக்க ஜெராக்ஸ் வரும். இரட்டைப் பின்னல் வராது. அதனால் எதிர் வீட்டு வசந்தாதான் அரீபாவுக்கும் தன் மகள் கார்குழலிக்கும் சேர்த்துத் தலை பின்னிவிடுவார். இருவரும் ஐந்தாம் வகுப்பு. ஒரே பெஞ்சு. முகிலன் கார்குழலியின் தம்பி.

அன்று வசந்தா வீட்டில் இல்லை. சற்று நேரம் கழித்து இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாக வந்தார். மூன்று தெரு தள்ளியிருக்கும் தெருக்குழாயிலிருந்து சுமந்து வந்திருந்தார். புடவை பாதி நனைந்திருந்தது.

"யாரு பூட்டுனது அத்த?" என்று கேட்டாள் அரீபா.

"வூட்டுக்காரருதான் பாப்பா. குழாய் ரிப்பேருன்னு சொல்றாரு."

"ரிப்பேருன்னா பிளம்பர்தானே வருவாரு? பூட்டு எதுக்கு?"

வசந்தா சீப்பை எடுத்தார். அவருடைய விரல்கள் ஈரமாக இருந்தன.

கார்குழலிதான் பள்ளிக்குப் போகும் வழியில் எல்லாவற்றையும் சொன்னாள். வீட்டின் சொந்தக்காரர் சக்கரபாணி. கருவடிக்குப்பத்தில் அவருக்கு இரண்டு வீடுகள். சனி ஞாயிறானால் பெங்களூரிலிருந்து கார் காராக ஆட்கள் புதுச்சேரிக்கு வருகிறார்கள் அல்லவா? அவர்கள் தங்குவதற்கு ரூம் கட்ட வேண்டுமாம். அதற்கு இவர்கள் காலி செய்ய வேண்டும். பிள்ளைகளின் பரீட்சை முடியட்டும் என்று வசந்தா கேட்டிருந்தார். சக்கரபாணி சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. பூட்டைப் போட்டுவிட்டார்.

"ஞாயித்துக்கெழம எல்லாத்தையும் கட்டிக்கிட்டு கனகசெட்டிக்குளம் சித்தி வூட்டுக்குப் போயிடலாம்னு அம்மா சொல்லுது," என்றாள் கார்குழலி.

"அப்போ ஸ்கூலு?"

"அங்க ஏதாவது ஸ்கூல்ல சேத்துடுவாங்க."

அரீபா நடப்பதை நிறுத்தினாள். "அதெல்லாம் முடியாது," என்றாள்.

"நீ யாருடி முடியாதுன்னு சொல்ல?"

"நான் உன் பெஞ்சு."

அது எந்தச் சட்டத்திலும் இல்லாத பதவிதான். ஆனால் கார்குழலி மறுத்துப் பேசவில்லை.

* * *

வியாழக்கிழமை சாயங்காலம். நாலு நாளாகத் தண்ணீர் இல்லை. அரீபா அத்தாவின் கடையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ஜெராக்ஸ் மெஷினுக்கு மேலே ஒரு புதுப் போஸ்டர் ஒட்டியிருந்தது. அதை வாய்விட்டுப் படித்தாள்.

"சட்ட உதவி வேண்டுமா? அலைய வேண்டாம். சட்டக்குரலை அழையுங்கள். உங்கள் தமிழில் பேசுங்கள். முற்றிலும் இலவசம்."

"அத்தா, இது என்னது?"

"போன்ல மெஷின் பேசும்மா. நம்ம பிரச்சனைய சொன்னா அதுவே மனுவா எழுதி வக்கீலுக்கு அனுப்பிடுமாம். போன வாரம்தான் ஒட்டிட்டுப் போனாங்க."

"வசந்தா அத்தைக்கு ஒதவுமா?"

அத்தா யோசித்தார். "கூட்டிட்டு வா. பாப்போம்."

வசந்தா ஒரு விடுதியில் துணி தேய்க்கும் வேலை செய்கிறார். வக்கீலைப் பார்க்கப் போனால் ஒரு நாள் வேலை போய்விடும். அங்கே போய் என்ன கேட்பது, யாரைக் கேட்பது என்றும் தெரியாது. ஆனால் போனில் பேசலாம் என்றதும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

எண்ணை அழுத்தியதும் ஒரு பெண்குரல் செய்தி வாசிப்பதைப் போலப் பேசியது.

"வணக்கம். உங்கள் எண்ணையும் குடும்பத்தில் இன்னொருவர் எண்ணையும் சொல்லுங்கள்."

வசந்தா தன் எண்ணையும் கணவர் கோவிந்தராசுவின் எண்ணையும் சொன்னார்.

"நன்றி. இப்போது உங்கள் சிக்கலைச் சொல்லுங்கள்."

வசந்தா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வணக்கம்மா. நாங்க பதினோரு வருஷமா இங்கதான் இருக்கோம். குடிக்கூலி ஒரு மாசம் தவறுனது கெடையாது. இப்ப வூட்டுக்காரரு தண்ணிய நிறுத்திட்டாரு. நாலு நாளாச்சு. புள்ளைங்கள வச்சிக்கிட்டு நாங்க எங்கம்மா போவோம்?"

குடிக்கூலி என்றால் வாடகை. அந்தப் பக்கத்தில் பலரும் அப்படித்தான் சொல்வார்கள்.

குரல், "நன்றி. உங்கள் பதிவு ஏற்கப்பட்டது. விவரம் காலையில் குறுஞ்செய்தியாக வரும்," என்றது.

"அவ்ளோதானா?" என்றார் வசந்தா. முகம் மலர்ந்திருந்தது. "நான் பேசப் பேச ஒரு வார்த்த குறுக்க பேசலயே பாய். மனுஷங்ககூட இப்புடிக் கேக்க மாட்டாங்க."

* * *

மறுநாள் காலையில் வசந்தா பின்னல் போட்டுக்கொண்டிருந்தபோது கோவிந்தராசு வேலை முடிந்து வந்தார். கோரிமேட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவர் செக்யூரிட்டி. எப்போதும் சிரித்துக்கொண்டே வருபவர் அன்று சைக்கிளைச் சுவரில் மோதி நிறுத்தினார்.

"யாரு எனக்கு வாழ்த்து அனுப்புனது?"

"என்ன வாழ்த்து?" என்றார் வசந்தா.

"நீயே பாரு. டூட்டியில ராமலிங்கம் என் போன வாங்கிப் படிச்சிட்டான். எப்ப ஆரம்பிச்ச, எப்ப நிறுத்துனேன்னு எல்லாரும் கேக்குறானுங்க. கேட்டுல நிக்க முடியல."

கார்குழலி போனை வாங்கிப் படித்தாள்.

"மனுதாரரின் கணவர் பதினோரு வருடமாக ஒரு மாதமும் தவறாமல் கூலிப் பணத்தில் குடித்து வந்தார். நான்கு நாள்களாக மதுவை நிறுத்திவிட்டார். வாழ்த்துகள்! இதே உறுதியுடன் தொடருங்கள். சிக்கல் தீர்ந்ததாகப் பதிவு செய்யப்பட்டது."

கார்குழலி சிரித்தாள். அரீபா சிரித்தாள். முகிலன் எதற்கென்று தெரியாமலே தரையில் உருண்டு சிரித்தான். கோவிந்தராசு டீகூடக் குடிக்க மாட்டார். கல்யாண வீட்டில் காபி கொடுத்தால் அதையும் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடுவார்.

அரீபா திரும்பிப் பார்த்தாள். வசந்தா சிரிக்கவில்லை. சீப்பைக் கையில் வைத்தபடி பூட்டிய குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தீந்துடுச்சாமே," என்றார். "நாலு நாளா நான் சொமக்குறது தீந்துடுச்சாம். மெஷினுக்கே நாம பேசுறது புரியல. மனுஷங்களுக்கு எங்கேருந்து புரியப்போவுது?" பின்னலின் நுனியில் ரிப்பனைக் கட்டினார். "போவட்டும். கனகசெட்டிக்குளம் சித்தப்பாகிட்ட சொல்லி நாளன்னிக்கு ஒரு வண்டி புடிக்கச் சொல்லு."

அரீபா போனை வாங்கி அந்தச் செய்தியை மறுபடி படித்தாள்.

* * *

பள்ளியில் கணக்குப் பாடம் நடந்தது. அரீபாவின் காதில் எதுவும் விழவில்லை. மெஷின் காதில் விழுந்ததைத்தானே எழுதியிருக்கிறது? அப்படியென்றால் எந்த இடத்தில் தப்பாக விழுந்தது?

சாயங்காலம் கடையில் ஒரு வேஸ்ட் பேப்பரை எடுத்தாள். பின்பக்கத்தில் நடுவே ஒரு கோடு போட்டாள். இந்தப் பக்கம் வசந்தா சொன்னது. அந்தப் பக்கம் மெஷின் எழுதியது. கார்குழலி சொல்லச் சொல்ல அரீபா எழுதினாள்.

"குடிக்கூலி ஒரு மாசம் தவறுனது கெடையாது."

"ஒரு மாதமும் தவறாமல் கூலிப் பணத்தில் குடித்து வந்தார்."

"ஏய்!" என்றாள் அரீபா. "குடி தனியா, கூலி தனியா பிரிச்சிடுச்சுடி."

அத்தா எட்டிப் பார்த்தார். "அதுக்குத் தெரிஞ்ச குடி ஒண்ணுதான் போல."

"சரி, தண்ணிய நிறுத்திட்டாருன்னா தண்ணியத்தானே நிறுத்துறது?" என்றாள் கார்குழலி.

"சில பேர் சாராயத்தையும் தண்ணின்னு சொல்லுவாங்கம்மா," என்றார் அத்தா. "தண்ணி போட்டுட்டு வந்தான்னு தெருவுல சொல்றதில்ல?"

அரீபா இரண்டு சொற்களைச் சுற்றி வட்டம் போட்டாள். இன்னும் ஏதோ இடித்தது. மெஷின் எதற்கு கோவிந்தராசு மாமாவை இழுத்தது? அவரைப் பற்றி யாரும் பேசவே இல்லையே.

வேலை முடிந்து அந்த வழியாக வந்த வசந்தாவை ஓடிப்போய் நிறுத்தினாள்.

"அத்த, வூட்டுக்காரருன்னா யாரு?"

"சக்கரபாணிதான். வேற யாரு?"

"கோவிந்தராசு மாமாவ மத்தவங்ககிட்ட என்னன்னு சொல்லுவீங்க?"

"எங்க வூட்டுக்கா..." வசந்தா பாதியில் நிறுத்தினார். கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தார். "அடக் கடவுளே! பாவம் அந்த மனுஷன்."

"மறுபடி பேசலாம் அத்த."

"வேணாம் பாப்பா. நான் பேசுனா அது வேற ஒண்ணு எழுதும். நீ நல்லா படிக்கிற புள்ள. நீயே பேசிடு."

அரீபாவும் அப்படித்தான் முதலில் நினைத்திருந்தாள். ஆனால் மூன்று தெரு சுமந்தது அவள் இல்லையே. மெஷின் ஏதாவது கேட்டால் அவளுக்கு என்ன தெரியும்?

"நீங்க பாடப் புத்தகத்துல வர மாதிரி பேசிப் பாருங்களேன்."

வசந்தா நிமிர்ந்து நின்றார். "நாங்கள்... குடியிருந்து... வருகின்றோம்... ஆகவே..."

"அம்மா, பத்து மார்க்குக்கு ஒப்பிக்கிற மாதிரி இருக்கு," என்றாள் கார்குழலி.

"அதான் வராதுன்றேன்ல!"

"சரி, அதெல்லாம் வேணாம்," என்றாள் அரீபா. "நீங்க உங்க பேச்சுலயே பேசுங்க. எந்த வார்த்தைக்கு மெஷின் முழிக்குமோ அங்க மட்டும் நான் ஒரு வரி சொல்றேன்."

"அதுக்குப் பேரு மொழிபெயர்ப்பு," என்றார் அத்தா. "எந்த மொழியிலேருந்து எந்த மொழிக்கு?"

"தமிழ்லேருந்து தமிழுக்கு."

எண்ணை அழுத்தினார்கள். அதே குரல். வசந்தா பேசினார்.

"குடிக்கூலி ஒரு மாசம் தவறுனது கெடையாதும்மா."

"குடிக்கூலின்னா வீட்டு வாடகை," என்றாள் அரீபா.

"இப்ப வூட்டுக்காரரு தண்ணிய நிறுத்திட்டாரு."

"வூட்டுக்காரருன்னா வீட்டோட சொந்தக்காரரு. பேரு சக்கரபாணி. கணவர் இல்ல. தண்ணின்னா குழாய்த் தண்ணி. குழாய்ல பூட்டு போட்டிருக்காரு."

"எங்க வூட்டுக்காரரு டீகூட குடிக்க மாட்டாரும்மா," என்று வசந்தா அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்.

"இந்த வூட்டுக்காரரு கணவர்," என்றாள் அரீபா.

எல்லாரும் போனை நோக்கிக் குனிந்தார்கள்.

"உங்கள் சிக்கல்: வாடகை வீட்டில் குழாய்த் தண்ணீரை வீட்டு உரிமையாளர் பூட்டியுள்ளார். சரியா?"

"சரி! சரி! சரிம்மா!"

"வழக்கறிஞர் பத்து நிமிடத்தில் வீடியோவில் அழைப்பார்."

பத்து நிமிடம் என்றது இருபத்தைந்து நிமிடம் ஆனது. அதற்குள் அத்தா நாலு பேருக்கு ஆதார் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். வசந்தா இரண்டு தரம் கிளம்பப் பார்த்தார். இரண்டு தரமும் அரீபா கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

போன் அடித்தது. திரையில் ஒரு இளைஞர். கண்ணாடி போட்டிருந்தார். "நான் வழக்கறிஞர் கலைவாணன். சொல்லுங்கம்மா," என்றார்.

வசந்தா மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். கலைவாணனுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. "குடிக்கூலி" என்றதும் சிரித்தார். "எங்க அம்மாவும் அப்படித்தான் சொல்லுவாங்க," என்றார். பூட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். கார்குழலி ஓடிப்போய் எடுத்து வந்தாள். படத்தின் ஓரத்தில் முகிலன் பூட்டுக்குக் காவல் நிற்பதுபோல் விறைப்பாக நின்றிருந்தான்.

"அம்மா, வீடு வேணும்னா அவரு சட்டப்படி கேக்கலாம். கோர்ட்டுக்குக்கூடப் போகலாம். ஆனா காலி பண்ண வைக்கிறதுக்காகத் தண்ணிய நிறுத்தக்கூடாது. நான் இன்னிக்கே அவர்கிட்ட பேசுறேன். எழுத்துலயும் அனுப்புறேன். நீங்க வண்டி கிண்டி புடிச்சிடாதீங்க."

வசந்தா வேகமாகத் தலையை ஆட்டினார்.

"சார்," என்று அரீபா போனுக்குள் முகத்தை நீட்டினாள். "இன்னொரு பிரச்சனை."

"உங்க வீட்லயும் பூட்டா?"

"இல்ல சார். உங்க மெஷின். போஸ்டர்ல உங்கள் தமிழில் பேசுங்கள்னு போட்டிருக்கு. அத்தை அவங்க தமிழ்லதான் பேசுனாங்க. அது தப்பா எழுதி, தீந்துடுச்சுன்னு மூடிடுச்சு. இன்னிக்கு நான் பக்கத்துல இருந்தேன். எல்லார் பக்கத்துலயும் நான் இருக்க முடியாதுல்ல?"

கலைவாணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்ன பண்ணலாங்கிற?"

"அதுக்கு எல்லா வார்த்தையும் தெரியணும்னு இல்ல சார். தெரியலன்னா கேக்கச் சொல்லுங்க. மூடுறதுக்கு முன்னாடியும் ஒரு வார்த்தை கேக்கச் சொல்லுங்க. எங்க டீச்சர்கூட, புரியலன்னா கேளு, நீயா எழுதாதன்னுதான் சொல்லுவாங்க."

"நீ பெரிய ஆளா வருவ," என்றார் அவர்.

"அது அப்புறம் சார். முதல்ல மெஷின்கிட்ட சொல்லுங்க."

* * *

சனிக்கிழமை மத்தியானம் சக்கரபாணி வந்தார். வெள்ளைச் சட்டையில் வியர்வை. கையில் சாவிக்கொத்து.

"என்ன வசந்தா, கேஸு கீஸுன்னு போயிட்ட? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"உங்ககிட்டதாண்ணே தெனமும் சொன்னேன்."

சக்கரபாணி சாவிக்கொத்தைக் குலுக்கினார். "ரிப்பேரு முடிஞ்சிடுச்சு," என்று குழாயைப் பார்த்துச் சொன்னார். முதல் சாவி சேரவில்லை. இரண்டாவதும் சேரவில்லை. மூன்றாவது சாவியில் பூட்டு திறந்தது.

"விடுதலை!" என்று கத்தினான் முகிலன்.

"பரீட்ச முடியட்டும்," என்றார் சக்கரபாணி சங்கிலியைச் சுருட்டிக்கொண்டே. "அப்புறம் உக்காந்து பேசிக்கலாம். அந்த வக்கீலும் அதத்தான் சொன்னாரு." இரண்டு அடி நடந்தவர் திரும்பினார். "தெருவுல எல்லாரும் ரூம் கட்டிட்டாங்கம்மா. அதான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்."

வசந்தா ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து அவரிடம் நீட்டினார். அவர் கொஞ்சம் தயங்கி, வாங்கிக் குடித்தார்.

அடுத்த வாரம் கலைவாணன் அத்தாவின் எண்ணுக்கு அழைத்தார். மெஷினைச் செய்தவர்களுக்கு அரீபா சொன்னது பிடித்திருந்ததாம். இங்கே பேசும் சொற்களை எழுதி அனுப்பச் சொன்னார்கள். அரீபா கடையில் ஒரு நோட்டை வைத்தாள். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு சொல் எழுதினார்கள். டீக்கடை பலராமன் மட்டும் பதினாறு எழுதினார். அதில் ஒன்பதைத் திட்டு என்று அத்தா அடித்துவிட்டார்.

"கோவத்துல ஃபோன் பண்றவங்க அதத்தானே பாய் மொதல்ல பேசுவாங்க!" என்றார் பலராமன்.

ஒரு மாதம் ஆனது. பரீட்சைக்கு இரண்டு நாள் இருந்தது. வசந்தாவின் போன் அடித்தது. குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு எடுத்தார். அரீபாவும் கார்குழலியும் பக்கத்தில் உட்கார்ந்து சமூக அறிவியல் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"வணக்கம். சட்டக்குரல் பேசுகிறேன். உங்கள் சிக்கல் இப்போது எப்படி உள்ளது?"

"வூட்டுக்காரரு தண்ணிய விட்டுட்டாரும்மா."

பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அரீபா எழுந்தே விட்டாள்.

"மன்னிக்கவும்," என்றது குரல். "வீட்டுக்காரர் என்பது வீட்டு உரிமையாளரா, கணவரா? தண்ணீர் என்பது குழாய்த் தண்ணீரா?"

அரீபா மெல்ல உட்கார்ந்தாள்.

"வூட்டு ஓனருதான். குழாய்த் தண்ணிதான். நல்லா கேட்ட கண்ணு," என்றார் வசந்தா.

"மகிழ்ச்சி. சிக்கல் தீர்ந்ததாகப் பதிவு செய்யலாமா?"

"ம்... இப்போதைக்குப் போட்டுக்கோ. பரீட்ச முடிஞ்சு எதுனா ஆச்சுன்னா நானே கூப்புடுறேன். எனக்குப் பேசத் தெரியும்."

"நன்றி. வேறு ஏதேனும் உதவி வேண்டுமா?"

"அய்யோ, நீ வைம்மா முதல்ல," என்றார் வசந்தா. "இங்க குடம் ரொம்பி வழியுது!"